வீட்டை வங்கி ஏலம் போட்டுவிடுமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஆரையம்பதி. நான் ஆசிரியை. கணவர் பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். 2018இல் கடைக்காக ஒரு தனியார் வங்கியில் எங்கள் இருவர் பேரிலும் 48 இலட்சம் ரூபாய் கடன் எடுத்தோம். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த 38 பேர்ச்சஸ் வளவும் வீடும்தான் ஈடு. உறுதியில் அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, இருக்கிறது. 2019க்குப் பிறகு வியாபாரம் விழுந்தது. கொரோனாக் காலத்தில் தவணையை நிறுத்தி வைத்தார்கள். 2022இல் வட்டி ஏறியது. 2023இல் கணக்கை மறுபடி போட்டு 63 இலட்சம் என்று கையெழுத்து வாங்கினார்கள். இப்போது 71 இலட்சத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை என்று கடிதம் வந்திருக்கிறது. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. முன்பு ஒன்றேகால் கோடி கேட்ட வளவுக்கு இப்போது 90 இலட்சம் சொல்கிறார்கள். தெரிந்த ஒருவர், வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தந்தால் வங்கிக் கடனைத் தான் கட்டுவதாகவும், இரண்டு வருடத்தில் நாங்கள் காசைக் கொடுத்ததும் திருப்பி எழுதித் தருவதாகவும் சொல்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் என் அத்தான், "திறப்பை வங்கியிடம் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போங்கள், கடன் அதோடு முடிந்தது" என்கிறார். அம்மாவுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் பயம்தான் தெரிந்தது. இரண்டாம் தரம் 48, 63, 71 என்ற மூன்று எண்கள் கண்ணில் பட்டன. உங்கள் பிரச்சினையும் அதிலிருந்து வெளியே வரும் வழியும் பெரும்பாலும் அந்த மூன்று எண்களுக்குள்தான் இருக்கின்றன.

முதலில் உங்கள் நித்திரைக்கு ஒரு பதில். நாளைக் காலையில் ஏலகாரர் வந்து கேற்றடியில் நிற்க மாட்டார். நீங்கள் படம் எடுத்து அனுப்பியது கோரிக்கைக் கடிதம் மட்டும்தான். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வங்கி வழக்குப் போடாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம் என்பது உண்மை. பத்திரிகைகளில் "பராட்டே" என்று எழுதுகிறார்களே, அந்த அதிகாரம் இதுதான். ஆனால் அதற்கும் படிகள் இருக்கின்றன. வங்கியின் பணிப்பாளர் சபை கூடித் தீர்மானம் எடுக்க வேண்டும். அந்தத் தீர்மானம் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வர வேண்டும், உங்களுக்கும் தபாலில் வர வேண்டும். பிறகு ஏலத்தின் நாள், நேரம், இடம் சொல்லும் அறிவித்தல் ஏலத்துக்கு 14 நாளாவது முன்பே வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அதன் பிரதி உங்கள் கைக்கும் வர வேண்டும், காணியிலும் ஒட்டப்பட வேண்டும். இவற்றில் ஒன்றும் உங்களுக்கு இன்னும் நடக்கவில்லை.

இன்னொன்று, அந்த ஏல அதிகாரமே 2024இல் இடைநிறுத்தி வைக்கப்பட்டது. பாராளுமன்றம் அதை முதலில் அந்த ஆண்டு டிசம்பர் 15 வரை நிறுத்தியது. பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். உங்களுக்கு இப்போது ஏன் கடிதம் வந்தது என்று விளங்குகிறதல்லவா? அந்தக் காலம் முடிந்துவிட்டது, வங்கியில் கோவையை நேராக்கி வைக்கிறார்கள். நீங்களும் உங்கள் கோவையை நேராக்கி வைக்க வேண்டிய காலம் இதுதான்.

அந்த மூன்று எண்களுக்கு வருவோம்.

2011இல் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. 5அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடன்பட்டவர் எடுத்த முதல், அதாவது வட்டி சேராத மூலத் தொகை, 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைவு என்றால் வழக்கில்லாமல் ஏலம் போடும் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம். முதலைக் கணக்கிடும்போது ஏறிய வட்டியையும் தண்டத்தையும் சேர்க்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் 2018இல் கையில் வாங்கியது 48 இலட்சம். அந்த 50 இலட்சக் கோட்டுக்கு இரண்டு இலட்சம் உள்ளே இருக்கிறீர்கள்.

வங்கியின் சட்டப் பிரிவுக்கும் இது தெரியும். அவர்கள் 63ஐக் காட்டுவார்கள். "2023இல் நீங்கள் கையெழுத்து வைத்தது புதுக் கடன், அதன் முதல் 63 இலட்சம்" என்பது அவர்களது வாதமாக இருக்கும். உங்கள் பக்கத்து வாதம், அந்த 63இல் 15 இலட்சம் புதிதாகக் கைக்கு வந்த காசு இல்லை, பழைய வட்டிக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், வட்டியைச் சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பது. எது நிற்கும் என்பதைத் தீர்மானிக்கப் போவது நீங்கள் 2023இல் கையெழுத்து வைத்த கடதாசிதான். அதைத் தேடி எடுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். அதில் "கடன் மீளட்டவணைப்படுத்தல்" என்று இருக்கிறதா, "புதிய கடன் வசதி" என்று இருக்கிறதா? முதலையும் வட்டியையும் வேறு வேறாகக் காட்டியிருக்கிறார்களா, ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார்களா? அந்த நேரம் நொத்தாரிசு முன்னால் போய்ப் புதிதாக ஈட்டு உறுதி எழுதினீர்களா, அல்லது 2018 உறுதிதான் இன்னும் நிற்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். 2018இன் ஈட்டு உறுதி ஒன்றுதான் இருக்கிறதென்றால் உங்கள் வாதம் பலமாகிறது. வீட்டில் பிரதி இல்லாவிட்டால் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் ஏட்டைத் தேடிப் பார்க்கலாம். எத்தனை ஈடு, எந்தத் திகதி, எவ்வளவு தொகை என்று எல்லாம் அதில் இருக்கும். பெரிய செலவு இல்லை, ஒரு முற்பகல் போகும்.

இதனால்தான் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அடுத்த சில வாரத்தில் வங்கி உங்களைக் கூப்பிட்டு மறுபடி ஒரு மறுசீரமைப்பு தரலாம். சிறு, நடுத்தர முயற்சியாளர்களுக்கான சலுகைகள் பற்றி மத்திய வங்கி 2024 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. வங்கிகளில் வியாபாரப் புத்துயிரளிப்பு அலகு என்று ஒரு பிரிவும் இருக்கிறது. அங்கே நீங்களே எழுத்தில் விண்ணப்பியுங்கள், காத்திருக்க வேண்டாம். நல்ல தவணை தந்தால் எடுங்கள். ஆனால் 71 இலட்சத்தை ஒரே முதலாகப் போட்டு, அதற்கு "மேலதிக ஈடு" என்று புது உறுதியும் எழுதக் கேட்டால், அந்த மேசையிலேயே கையெழுத்து வைக்காதீர்கள். "முதல் 48, மிச்சம் வட்டி, இரண்டையும் வேறாகக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சலித்துக்கொள்வார், கொள்ளட்டும். அந்தக் கையெழுத்தோடு 50 இலட்சக் கோட்டுக்குள் இருந்தவர் நீங்களாகவே நடந்து வெளியே போய்விடுவீர்கள். இப்படிப் போனவர்களை என் அலுவலகக் கதிரையில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். தவணை குறைகிறது என்ற சந்தோஷத்தில் ஒருவரும் பக்கத்தைத் திருப்பி வாசித்திருக்கவில்லை.

கோட்டுக்குள் இருந்தால் வீடு போகவே போகாது என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஈட்டு வழக்குப் போடலாம். இல்லாவிட்டால் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் போடலாம். இரண்டாவது வழி வேகமானது. நீதிமன்றம் முதலிலேயே உங்களுக்கு எதிராக ஓர் இடைக்காலத் தீர்ப்பாணையைத் தந்துவிடும். குறித்த திகதியில் சத்தியக் கடதாசியோடு தோன்றி, வழக்காட அனுமதி கேட்க வேண்டியவர் நீங்கள்தான். அந்தத் திகதியைத் தவறவிட்டால் ஆணை நிரந்தரமாகிவிடும். நீதிமன்றத்திலிருந்து பிஸ்கால் கொண்டுவரும் கடதாசியை வாங்காமல் ஒளிந்து திரிவது எங்கள் ஊர்களில் ஒரு பழக்கம். வாங்குங்கள். அன்றே ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். காசு கஷ்டம் என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் உதவுவார்கள், ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை.

எங்கே பிழை விட்டோம் என்று கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கி எழுதும்போது அதை விட்டுவிட்டேன், ஆனால் பதில் சொல்ல வேண்டும். 48 இலட்சத்துக்கு 14 வீதம் வட்டி என்றால் மாதம் 56,000 ரூபாய். அதே காசுக்கு 24 வீதம் என்றால் மாதம் 96,000. முதலில் ஒரு சதம்கூடக் குறையாமல், வட்டிக்கு மட்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்த எல்லோருக்கும் அது வந்து விழுந்தது. அதே ஆண்டில் சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தாண்டியது, ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீடெல்லாம் லின்டலோடு நின்றது, ஹாட்வெயார் கடைக்கு ஆள் வரவில்லை. வட்டி ஏறியதும் வியாபாரம் நின்றதும் ஒரே மாதங்களில். உங்கள் கணவரின் கணக்குப் பிழை என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. நவம்பர் வெள்ளத்தில் களஞ்சியத்துக்குள் தண்ணீர் வந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். நனைந்த சரக்கின் படங்களும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் இருந்தால் மறுசீரமைப்பு விண்ணப்பத்தோடு வையுங்கள்.

இப்போது அந்த "தெரிந்த ஒருவர்".

அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் கேட்பதைச் சட்டத்தின் கண்ணால் பாருங்கள். வீடு அறுதியாக அவர் பேருக்குப் போகிறது. திருப்பித் தருவேன் என்பது வாயால் சொன்ன சொல். இந்த நாட்டில் காணி பற்றிய வாய்ச்சொல்லுக்கு 1840இலிருந்தே மதிப்பில்லை. அந்த ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியை விற்பதற்கும் விற்கிறேன் என்று உடன்படுவதற்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையான எழுத்து வேண்டும் என்கிறது. தனியாக வெள்ளைக் கடதாசியில் "இரண்டு வருடத்தில் திருப்பித் தருவேன்" என்று எழுதி முத்திரை ஒட்டித் தந்தாலும் அது உறுதி ஆகாது. உறுதி எழுதிய மறுவாரமே அவர் அந்தக் காணியை இன்னொரு வங்கியில் ஈடு வைக்கலாம். மூன்றாம் ஆளுக்கு விற்கலாம். அவருக்கு ஏதும் நடந்துவிட்டால் அவருடைய பிள்ளைகள், "எங்கள் அப்பா காசு கொடுத்து வாங்கிய வீடு" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கல்முனைப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இதே கதை நடந்தது. 2016இல் எழுதிக் கொடுத்தார்கள். அறுதி எழுதிய பிறகும் அவர்கள்தான் அந்த வீட்டில் இருந்தார்கள், சோலை வரியும் அவர்களே கட்டினார்கள். இரண்டு வருடத்தில் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனபோது அந்த மனிதர் தேத்தண்ணி கொடுத்து உபசரித்துவிட்டு, "இப்ப விலை வேற" என்றாராம். அந்தத் தேத்தண்ணியைப் பற்றி அந்த அம்மா என்னிடம் மூன்று தரம் சொன்னார். வழக்குப் போட்டோம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தில் 83ஆம் பிரிவு இருக்கிறது. காணியை எழுதிக் கொடுத்தவர் உண்மையில் அதை விட்டுக்கொடுக்க நினைக்கவில்லை என்பது சூழ்நிலைகளில் இருந்து தெரிந்தால், வாங்கியவர் அதை அவருக்காக வைத்திருப்பவர் என்று நீதிமன்றம் கொள்ளலாம். சந்தை விலையில் பாதிக்கு எழுதினார்களா, எழுதிய பிறகும் வீட்டில் யார் இருந்தது, நொத்தாரிசுக் காசு யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆகவே வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சாட்சி, குறுக்கு விசாரணை, மேன்முறையீடு என்று வருடக் கணக்கில் போகிற வழி. அந்தக் குடும்பத்தின் மகளுக்கு அதற்கிடையில் கலியாணமாகி, சீதனம் இல்லாமலே போய்விட்டாள்.

நிபந்தனை உறுதி எழுதலாம், அதில் மீட்கும் காலம் எழுத்தில் இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். வாய்ச்சொல்லை விட அது மேல்தான். ஆனால் குறித்த நாள் கடந்தால் மீட்கும் உரிமை போய்விடும், ஒரு கிழமை பிந்தினேன் என்பதை நீதிமன்றம் இலேசில் கேட்காது. இரண்டு வருடத்தில் 71 இலட்சமும் அவருடைய வட்டியும் உங்களிடம் எப்படி வரும் என்பதற்குப் பதில் இல்லாமல் அதிலும் இறங்காதீர்கள். சொல்லப்போனால் வங்கிதான் இந்தக் கதையில் மரியாதையான கடன்காரன். ஏலத்தில் கடனுக்கு மேல் வரும் காசை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். அறுதி வாங்கியவர் மிச்சம் தர வேண்டியதில்லை.

அத்தான் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய ஊரைச் சொல்கிறார். கலிபோர்னியாவில் குடியிருக்க வீடு வாங்குவதற்காக எடுத்த கடனுக்கு, வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்துக்காகக் கடன் எடுத்தவரைத் துரத்த முடியாது என்று சட்டம் இருக்கிறது. 2008இல் வீட்டு விலை விழுந்தபோது கடன் தொகை வீட்டின் பெறுமதியை விடக் கூடிவிட்ட பலர் அங்கே திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனது அதனால்தான். இங்கே அந்தச் சட்டம் இல்லை. வீடு 55 இலட்சத்துக்கு ஏலம் போனால் மிச்சம் 16 இலட்சத்துக்கு உங்கள் இருவர் மேலும் வழக்கு வரும், கடன் தகவல் பணியகத்தின் கிறிப் அறிக்கையிலும் பெயர் நிற்கும். திறப்பைக் கொடுப்பதால் குறைவது வங்கியின் வேலை மட்டும்தான்.

ஏலத்தில் ஏன் 55க்குப் போகும், சந்தையில் 90 சொல்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஏல அறிவித்தல் ஒன்றை எடுத்து நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள். கூவி எடுத்தவர் அந்த இடத்திலேயே விலையில் 10 வீதம், உள்ளூராட்சி விற்பனை வரி 1 வீதம், ஏலகாரரின் கொமிஷன் இரண்டரை வீதம், விளம்பரச் செலவு எல்லாம் கட்ட வேண்டும். மிச்ச 90 வீதத்தை 30 நாளில் கட்ட வேண்டும். வங்கிக் கடனில் வீடு வாங்கும் சாதாரண குடும்பம் 30 நாளில் எங்கே போகும்? அதனால் வருபவர்கள் கையில் காசு வைத்திருக்கும் நாலைந்து பேர்தான், அவர்களும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். நான் கண்ட ஓர் ஏலத்தில் மாமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு ஏலகாரர் இருந்தார், மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். வீட்டுக்காரர்கள் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, வங்கியே எடுத்துக்கொண்டது. அப்படி வங்கியே எடுத்திருந்தால், அது மறுபடி விற்பதற்கு முன் கடனையும் செலவையும் கட்டி அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம், பணிப்பாளர் சபைக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, ஏலம் முடிந்த மறுநாளே உங்களைத் தெருவில் விட முடியாது. வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டுத்தான் உடைமையை எடுக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? என் அபிப்பிராயத்தில், முழு வளவையும் விற்கவும் வேண்டாம், ஏலம் வரை போகவும் வேண்டாம். உங்களிடம் 38 பேர்ச்சஸ் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் வீடு பின்பக்கம், வீதிப் பக்கம் வெறும் நிலம். முன் துண்டில் 14 பேர்ச்சஸைப் பிரித்து, பின்னால் போக வழியும் விட்டு விற்க முடியுமா என்று பாருங்கள். பேர்ச் இரண்டரை இலட்சம் போனால் 35 இலட்சம். முழு வளவுக்கு 90 இலட்சம் கொடுக்க ஆளில்லாத இந்த நேரத்திலும் சின்னத் துண்டுக்கு ஆள் வரும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகள் தாய்க்கு ஒரு துண்டு வாங்குகிறார்கள், கடை போட வீதிமுகப்புத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பிரதேச சபையின் அங்கீகாரம் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தத் துண்டை ஈட்டிலிருந்து விடுவிப்பீர்களா, அந்தக் காசு நேராகக் கணக்குக்கு வந்தால் வட்டியில் எவ்வளவு விடுவீர்கள்? ஒரேயடியாகப் பெரிய தொகை வரும் என்றால் வங்கிகள் தண்ட வட்டியில் கழிவு தருவதுண்டு, கேட்காமல் தருவதில்லை. வாங்குபவரின் காசோலை வங்கியின் பெயருக்கே எழுதப்படட்டும், விடுவிப்பு உறுதியும் விற்பனை உறுதியும் ஒரே நாளில் எழுதப்படட்டும். முற்பணம் என்று கையில் வாங்கிச் செலவழித்துவிட்டு வங்கி விடுவிக்க மறுத்தால், கடன்காரர் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

அதுவரை மாதம் முடிந்ததைக் கட்டுங்கள். 25,000 என்றாலும் கட்டி, சிட்டையில் கடன் இலக்கத்தை எழுதிப் பிரதியை வையுங்கள். வழக்கு என்று வந்து தடையுத்தரவு கேட்கப் போனால் நீதிபதி முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்பதுதான். 2020இலிருந்து இன்று வரையான முழுக் கணக்குக் கூற்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கொரோனாச் சலுகைக் கால வட்டியை எங்கே, எந்த வீதத்தில் சேர்த்தார்கள் என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும், அதை உங்களால் முடியும், நீங்கள் கணக்கு ஆசிரியை. தராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், 1935க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஆனால் முறைப்பாடு ஏலத்தை நிறுத்தும் கட்டளை அல்ல, அதை நம்பித் திகதிகளை விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக உங்கள் அம்மா. யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் காணியை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்பில் அது இல்லை. இங்கே முக்குவர் வழமை என்ற வழமைச் சட்டம் இருந்த காலம் 1876 சட்டத்தோடு போய்விட்டது, நமக்குப் பொதுச் சட்டம்தான். ஆகவே நீங்கள் தனியாகவே ஈடு வைத்திருக்கலாம். ஆனால் சீவிய உரித்து உங்களுடையது இல்லை, அம்மாவுடையது. 2018 ஈட்டு உறுதியில் அவரும் கையெழுத்து வைத்தாரா? வழக்கமாக வங்கி அதைக் கேட்காமல் விடாது. ஆனால் நீங்கள் "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வங்கியிடம் ஈடாக இருப்பது அவருடைய உரித்துக்குக் கீழ்ப்பட்ட காணி மட்டும்தான். ஏலத்தில் யார் எடுத்தாலும் அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரித்து அவருடையது. கையெழுத்து இருக்கிறது, ஆனால் அவர் வைக்கவில்லை என்றால் அது வேறு கதை, உடனே நேரில் வாருங்கள், அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

முன் துண்டை விற்பதற்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். ஆகவே அவரிடம் சொல்லாமல் இனி ஓரடியும் நகர முடியாது. மூலச் சீதன உறுதியின் பிரதியும் பெரும்பாலும் அவருடைய அலுமாரியில், கலியாணச் சேலைக்குக் கீழேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாடசாலை விட்டு வந்து, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் 48இலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.